கொம்புள்ளவர்கள் மட்டும் வரலாம்

பெருமடுவில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது.

ஆனைக்கல் காட்டு விலங்குகளுக்கு அந்த ஒரு மடுதான் கதி. மேல்மலையிலிருந்து இறங்கும் ஓடை அதை எப்போதும் நிரப்பிக்கொண்டிருக்கும். எந்தக் கோடையிலும் அந்த ஓடை நின்றதில்லை. இந்த முறை மழைக்காலம் முடிந்த சில நாட்களிலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாருக்கும் விளங்கவில்லை.

மடு குட்டையானது. குட்டை சேறானது. ஒருநாள் காலை ஒரு புள்ளிமான் குட்டி தண்ணீர் தேடி நடுச்சேறு வரை போய் மாட்டிக்கொண்டது. தாய்மான் கரையில் நின்று கதறியது. யாராலும் கிட்டே போக முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் குட்டியின் சத்தம் அடங்கிவிட்டது.

அன்றுதான் காடு பயந்தது.

கரிச்சான் குருவி மேல்மலைக்குப் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வால் நுனியில் இரண்டு துடுப்புகள் தொங்கும் கரிய பறவை அது. எந்த விலங்கின் குரலையும் அப்படியே பேசிக் காட்டும். அதனாலேயே அது சொந்தக் குரலில் என்ன சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை.

“ஓடை வற்றவில்லை!” என்று கத்தியது கரிச்சான். “இடுக்குப் பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது! ஒரு மருதமரம் வேரோடு சாய்ந்து குறுக்கே விழுந்திருக்கிறது. அதன்மேல் பாறாங்கல் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பின்னால் தேங்கி, மலையின் அந்தப் பக்கம் வழிந்து வீணாய்ப் போகிறது!”

“மரத்தை நகர்த்தினால் தண்ணீர் வருமா?” என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“வரும்! ஆனால் இடுக்கின் வாயில் செந்நாய்கள் தங்கியிருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, பெரிய கூட்டம்!”

எல்லாரும் கருந்திமிலைப் பார்த்தார்கள். கருந்திமில் அந்தக் காட்டின் பெரிய காட்டெருமை. அது நடந்தால் புதர் விலகும். அதன் திமிலில் ஏறி நாலு மைனாக்கள் கூட்டமே போடலாம்.

“நான் போகிறேன்!” என்றது கருந்திமில். “துணைக்கு ஆள் பொறுக்க வேண்டும். கொம்போ கோரைப்பல்லோ உள்ளவர்கள் மட்டும் முன்னால் வாருங்கள்! அதோ அந்தப் பட்டமரக் கட்டையை முட்டிக் காட்டுங்கள். யார் முட்டி அது ஆடுகிறதோ, அவர்கள் என்னோடு வரலாம்!”

காட்டுப்பன்றி ஓடிவந்து முட்டியது. கட்டை ஆடியது. கரடி வந்து இரண்டு கையாலும் உலுக்கியது. கட்டை சாய்ந்தது. கடமான் தன் கிளைக்கொம்பைக் கொடுத்து நெம்பியது. கட்டை பெயர்ந்தே போனது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அப்போது முள்ளாயி முன்னால் வந்தது. அது ஒரு முள்ளம்பன்றி. வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் நிமிர்ந்து சடசடவென்று சத்தம் போடும்.

“அண்ணே, நானும் வருகிறேன்” என்றது முள்ளாயி. “அலுங்கும் வரட்டும். மண்ணைத் தோண்ட அவனைப் போல யாரும் இல்லை. மந்தியும் வரட்டும். எந்தக் காயத்துக்கு எந்தப் பச்சிலை என்று அவளுக்குத்தான் தெரியும். வழி பார்க்கக் கரிச்சான் வேண்டாமா?”

அலுங்கு கூச்சத்தோடு தலையைத் தூக்கியது. உடம்பெல்லாம் செதில் போர்த்திய பிராணி அது. யாராவது உரக்கப் பேசினாலே பந்து மாதிரி சுருண்டுகொள்ளும்.

காட்டுப்பன்றி உறுமிச் சிரித்தது. “சண்டைக்குப் போகிறோமா, சந்தைக்குப் போகிறோமா?”

“மரம் மண்ணில் புதைந்திருந்தால் யார் தோண்டுவது?” என்று விடவில்லை முள்ளாயி. “யாருக்காவது அடிபட்டால் யார் மருந்து போடுவது? அண்ணே, சிறு துரும்பும் பல் குத்த உதவும்!”

“சரி தங்கச்சி” என்றது கருந்திமில். “பல் குத்த வேண்டியிருந்தால் சொல்லி அனுப்புகிறேன்!”

காடே சிரித்தது. அலுங்கு சுருண்டுகொண்டது. மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. முள்ளாயியின் முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எவ்வளவு அநியாயம் பாருங்கள்! அது தனக்காகவா கேட்டது? எல்லாரும் குடிக்கிற தண்ணீருக்காகத்தானே கேட்டது!

கருந்திமிலும் காட்டுப்பன்றியும் கரடியும் கடமானும் புறப்பட்டுப் போனார்கள். கடமானின் துணையான பெண் கடமான் கொஞ்சதூரம் கூடவே போய், ஓடைத் திருப்பத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இடுக்கின் வாயில் செந்நாய்கள் படுத்திருந்தன. நான்கு பெரிய உடம்புகள் சேர்ந்து வருவதைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி வழிவிட்டன.

“பார்த்தீர்களா? நம்மைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்!” என்று சிரித்தது காட்டுப்பன்றி.

செந்நாய்கள் ஓடவில்லை. புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. உள்ளே போனவர்கள் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதைக் கவனித்துச் சொல்ல அந்த நான்கு பேரில் யாருமில்லை. நாலு பேருமே முன்னால் பார்த்து நடக்கிறவர்கள்.

இடுக்குப் பாறை பெயருக்கேற்ற இடம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு பெரிய உடம்பு நுழைந்தால் இன்னொன்று பக்கத்தில் நிற்க இடமில்லை. முன்னால் கருந்திமில், அதன் பின்னால் காட்டுப்பன்றி, அப்புறம் கரடி, கடைசியில் கடமான் என்று வரிசையாக மாட்டிக்கொண்டார்கள்.

கருந்திமில் மருதமரத்தை முட்டியது. மரம் அசையவில்லை. மறுபடி முட்டியது. மரத்தின் வேர்ப்பக்கம் பாறைப் பிளவில் செருகியிருந்தது. அடிப்பக்கம் சேற்றில் புதைந்திருந்தது. அந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர் வேறு இந்தப் பக்கம் பார்த்துத் தள்ளியது.

“தள்ளுங்கள்!” என்றது கருந்திமில்.

காட்டுப்பன்றி கருந்திமிலின் பின்புறத்தைத் தள்ளியது. கரடி காட்டுப்பன்றியைத் தள்ளியது.

“என்னை ஏனடா தள்ளுகிறாய்? நகரு, நான் முன்னால் போகிறேன்!” என்று கத்தியது காட்டுப்பன்றி.

“நீ முன்னால் போனால் நான் எதற்கு வந்தேன்?” என்றது கரடி.

இந்தத் தள்ளுமுள்ளில் கருந்திமிலின் முன்னங்கால் வழுக்கியது. உடைந்த மூங்கில் சிம்பு ஒன்று குளம்புக்கு நடுவே ஆழமாக ஏறியது. கருந்திமில் வலியில் அலறியது. சிம்பை எடுக்க யாருக்கும் தெரியவில்லை. கரடி வாயால் இழுத்துப் பார்த்தது. பாதி உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

“திரும்பலாம்!” என்றது கருந்திமில்.

திரும்ப வேண்டுமென்றால் கடைசியில் நின்றவன்தான் முதலில் வெளியே வர வேண்டும். கடைசியில் நின்றது கடமான்.

கடமான் பின்பக்கமாக நடந்து இடுக்கின் வாய்க்கு வந்தது. அங்கே செந்நாய்கள் காத்திருந்தன. மற்ற மூவரும் குறுகிய வழியில் ஒருவர் பின் ஒருவராகச் சிக்கிக்கொண்டு நின்றார்கள். வெளியிலிருந்து கடமான் கூப்பிடுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. மூவரும் வெளியே வந்தபோது செந்நாய்கள் இரையை இழுத்துக்கொண்டு புதருக்குள் போயிருந்தன.

மூவர் மட்டும் திரும்பி வந்ததைக் காடு பார்த்தது. பெண் கடமான் ஓடைத் திருப்பத்திலேயே நின்றது. மூவரும் அதன் முகத்தைப் பார்க்காமல் கடந்து வந்தார்கள்.

வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருந்தாலாவது பரவாயில்லை. காட்டுப்பன்றி என்ன செய்தது தெரியுமா?

“எல்லாம் இந்தக் கரிச்சானால் வந்த வினை!” என்று கத்தியது. “செந்நாய்கள் புதரில் பதுங்கும் என்று இவன் சொன்னானா? அரைகுறைச் செய்தி கொண்டுவந்து ஆளைக் கொன்றுவிட்டான்!”

கரிச்சான் விக்கித்துப் போனது. “நான் கூட வந்திருந்தால் மேலேயிருந்து பார்த்துச் சொல்லியிருப்பேனே! நீங்கள்தானே என்னை வேண்டாம் என்றீர்கள்?”

“எதிர்த்துப் பேசாதே!” என்றது கரடி.

முள்ளாயிக்குப் பொறுக்கவில்லை. முட்களைச் சிலுப்பிக்கொண்டு கூட்டத்தின் நடுவே பாய்ந்தது.

“வாயை மூடு பன்றி! வேண்டாம் என்று நீங்களே துரத்தியவன்மேலேயே பழி போடுகிறாயா? நாலு பேர் போனீர்கள். நாலு பேருக்கும் முட்டத்தான் தெரியும். எட்டிப் பார்க்க ஒருவன் இல்லை. தோண்ட ஒருவன் இல்லை. காலில் ஏறிய சிம்பை எடுக்க ஒருவர் இல்லை. நான் சொன்னபோது பல் குத்தக் கூப்பிடுகிறேன் என்றீர்களே அண்ணே! இப்போது யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்தக் கடமானைக் கூப்பிடுங்கள் பார்க்கலாம், வருகிறானா!”

கருந்திமில் திரும்பிக்கொண்டது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிழலில் போய்ப் படுத்துவிட்டது.

“இனிப் பெரியவர்கள் யாரும் வேண்டாம்!” என்றது முள்ளாயி. “யாரைப் பார்த்து அவர்கள் சிரித்தார்களோ அவர்கள் மட்டும் என்னோடு வாருங்கள்! ஓடையை நாமே திறப்போம்!”

அலுங்கு வந்தது. கரிச்சான் வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது. மந்தியை மட்டும் காணவில்லை. தேடிப் பார்த்தால், அது கருந்திமிலின் காலருகே குந்திக்கொண்டு, மெல்லிய விரல்களால் சிம்பை உருவிக்கொண்டிருந்தது. உருவி முடித்ததும் வெட்டுக்காயப் பச்சிலையை மென்று புண்ணில் அப்பியது.

முள்ளாயி கொதித்தது. “யாருக்கு மருந்து போடுகிறாய்? உன்னைப் பார்த்துச் சிரித்தவனுக்கா?”

“காலுக்குப் போடுகிறேன், அக்கா” என்றது மந்தி.

பிறகு மந்தி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னது. “அக்கா, புண் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டொரு நாள் பொறுத்தால் அண்ணனையும் அழைத்துப் போகலாம். மரம் பெரியது. நம்மால் தூக்க முடியுமா?”

“அவனையா? செத்தாலும் மாட்டேன்!” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னது முள்ளாயி. “புத்தி இருக்கிற இடத்தில் பலம் எதற்கு?”

மந்தி மிச்சப் பச்சிலையை எடுத்துக்கொண்டு கூட நடந்தது.

மறுநாள் காலை நால்வரும் இடுக்கை நெருங்கினார்கள். கரிச்சான் உயரப் பறந்து பார்த்துவிட்டு வந்தது. “செந்நாய்கள் நிழலில் படுத்திருக்கின்றன. அசையாமல் இருங்கள்” என்றது. பிறகு ஒரு அடர்ந்த புதருக்குள் நுழைந்து, தொண்டையைச் செருமி, புலி மாதிரி உறுமியது. மலை அதிர்ந்தது போல இருந்தது. பக்கத்திலிருந்த அலுங்கே பயந்து சுருண்டுகொண்டது! செந்நாய்கள் சீழ்க்கை அடித்துக்கொண்டு நாலாபக்கமும் சிதறி ஓடின.

நால்வரும் உள்ளே போனார்கள். வேலை தொடங்கியது. அலுங்கு மரத்தின் வேர்ப்பக்கம் போய், நீண்ட நகங்களால் சேற்றை வாரி வாரி வெளியே தள்ளியது. முள்ளாயி பாறைப் பிளவைப் பிடித்திருந்த வேர்களைக் கரகரவென்று கடித்து அறுத்தது. மந்தி மேலேறி, சிக்கியிருந்த கொடிகளையும் சுள்ளிகளையும் ஒவ்வொன்றாக உருவிப் போட்டது. கரிச்சான் மரம் எங்கே அசைகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சொன்னது. யாரும் யாரையும் தள்ளவில்லை. யாரும் யாருக்கும் முன்னால் நிற்கவில்லை.

வெயில் சாயும்போது எல்லாம் முடிந்தது. வேர்ப்பக்கம் பிளவில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதை அப்படியே கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் போதும். தேங்கிய தண்ணீரே மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு போய்விடும்.

“தூக்குங்கள்!” என்றது முள்ளாயி.

தூக்கினார்கள். மரம் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார்கள். அலுங்கு வழுக்கி விழுந்தது. மந்தியின் கை சிராய்ந்து ரத்தம் வந்தது. முள்ளாயி முதுகைக் கொடுத்து முட்டியது. முட்கள் ஒடிந்தனவே தவிர மரம் ஒடியவில்லை.

“இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்தான்!” என்று கத்தியது முள்ளாயி.

அந்தக் கொஞ்சம் அவர்கள் நால்வரிடமும் இல்லை.

இதற்குள் வெளியே செந்நாய்கள் ஒன்று கூடின. கூட்டத்தின் தலைவி காற்றை முகர்ந்து பார்த்தது. “புலி உறுமியது சரி. புலி வாடை எங்கே?” என்று கேட்டது. மற்றவை மூக்கைத் தூக்கி முகர்ந்தன. புலி வாடை இல்லை. குரங்கு வாடை அடித்தது.

செந்நாய்கள் இடுக்கின் வாய்க்குள் நுழைந்தன.

மந்தி பாறைமேல் தாவியது. அலுங்கு மரத்தடிப் பள்ளத்துக்குள் இறங்கிச் சுருண்டது. முள்ளாயி வழியை மறித்துத் திரும்பி நின்று, முட்களை விரித்துச் சடசடவென்று ஆட்டியது. குறுகலான வழி. முள்ளைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. முன்னால் வந்த செந்நாயின் மூக்கில் ஒரு முள் ஏறியது. அது ஊளையிட்டுப் பின்வாங்கியது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று வந்தது. எவ்வளவு நேரம் தாங்க முடியும்?

“அக்கா!” என்று மேலேயிருந்து கூப்பிட்டது கரிச்சான். “என்னால் வெளியே போக முடியும். யாரிடம் போகட்டும்?”

முள்ளாயி முட்களை மறுபடி சிலுப்பியது. அதற்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். காட்டில் அந்த மரத்தைத் தூக்கக்கூடியவன் ஒருவன்தான்.

“யாரிடம் போகட்டும், சொல்லுங்கள்!”

“கருந்திமில் அண்ணனிடம் போ” என்றது முள்ளாயி. “நான் கூப்பிட்டேன் என்று சொல். முள்ளாயி கூப்பிட்டாள் என்றே சொல்!”

கரிச்சான் அம்பு மாதிரி பறந்தது.

கருந்திமில் நிழலில் நின்றுகொண்டிருந்தது. கால் புண் ஆறத் தொடங்கியிருந்தது. கரிச்சான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தது.

கருந்திமில் மூக்கால் சீறியது. “ஓகோ! இப்போது மட்டும் பெரியவன் வேண்டுமோ? எல்லார் முன்னாலும் என்னை என்னவெல்லாம் பேசினாள்! புத்தி இருக்கிற இடத்தில் பலம் எதற்கு என்றாளே? அந்தப் புத்தியையே வைத்துத் தூக்கிக்கொள்ளட்டும்!”

பக்கத்திலிருந்த காட்டுப்பன்றி, “அப்படிச் சொல்லுங்கள் அண்ணே!” என்றது.

கரிச்சான் அதுவரை யாரிடமும் கோபித்துப் பேசியதே இல்லை. அன்று பேசியது. புலிக் குரலிலும் பேசவில்லை, யானைக் குரலிலும் பேசவில்லை. தன் சின்னக் குரலிலேயே பேசியது.

“அவள் பேசியது தப்பு. நீங்கள் சிரித்தது தப்பில்லையா? உங்கள் காலில் மருந்து போட்டவள் அங்கே பாறைமேல் நிற்கிறாள். கீழே செந்நாய்கள் நிற்கின்றன. யார் யாரை என்ன சொன்னார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க இதுதானா நேரம்? மான்குட்டி சேற்றில் புதைந்ததே, நீ பெரியவன் வீட்டுக் குட்டியா, சின்னவன் வீட்டுக் குட்டியா என்று சேறு கேட்டதா? நாளைக்கு உங்கள் கன்று இறங்கினால் மட்டும் கேட்குமா?”

சொல்லிவிட்டுக் கரிச்சான் ஒரு கிளை மேலே தாவி உட்கார்ந்தது. இவ்வளவு பேசிவிட்டோமே என்று அதற்கே பயம்.

கருந்திமில் மடுவைப் பார்த்தது. பிறகு இடுக்கை நோக்கி நடக்கத் தொடங்கியது.

“நாங்களும் வருகிறோம்!” என்று காட்டுப்பன்றியும் கரடியும் எழுந்தன.

“வாருங்கள். ஆனால் உள்ளே வராதீர்கள்!” என்றது கரிச்சான். “உள்ளே ஒரு பெரிய உடம்புக்குத்தான் இடம். நீங்கள் இருவரும் வாசலில் நின்று காவல் காருங்கள்.”

காட்டுப்பன்றி ஏதோ சொல்ல வாயெடுத்தது. கருந்திமில் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. காட்டுப்பன்றி வாயை மூடிக்கொண்டது.

கரிச்சான் மேலே பறந்து வழி சொல்ல, மூவரும் வேகமாக வந்தார்கள். வெளியே நின்ற செந்நாய்கள்மேல் கரடியும் காட்டுப்பன்றியும் பாய்ந்தன. கருந்திமில் தலையைக் குனிந்துகொண்டு இடுக்குக்குள் நுழைந்தது. உள்ளே இருந்த செந்நாய்கள் முன்னால் முள்ளையும் பின்னால் கொம்பையும் கண்டன. மூன்றாவதாக ஒரு வழி கிடையாது. பாறைச் சுவரைப் பிராண்டி, கருந்திமிலின் கால்களுக்கு இடையே புகுந்து, அலறிக்கொண்டு வெளியே ஓடின. அங்கே காட்டுப்பன்றி காத்திருந்தது. அன்று மாலையே அந்தக் கூட்டம் ஆனைக்கல் காட்டை விட்டுப் போனது.

முள்ளாயியும் கருந்திமிலும் நேருக்கு நேர் நின்றார்கள். முள்ளாயியின் முதுகில் பாதி முட்கள் இல்லை. காது கிழிந்து ரத்தம் வடிந்தது.

“எங்கே தூக்க வேண்டும்?” என்று கேட்டது கருந்திமில்.

“இங்கே, வேர்ப்பக்கம். முட்ட வேண்டாம் அண்ணே, முட்டினால் திரும்பவும் செருகிக்கொள்ளும். கொம்பை அடியில் கொடுத்து மேலே நெம்புங்கள்.”

கருந்திமில் மரத்தை ஒட்டி இருந்த மேட்டுத் திட்டில் ஏறி நின்று, கொம்பைப் பள்ளத்துக்குள் நுழைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“நில்லுங்கள்!” என்று வீறிட்டது முள்ளாயி. “அலுங்கு உள்ளே இருக்கிறான்!”

தூக்குவதற்காகச் சேர்த்த பலத்தை நடுவில் நிறுத்துவது எளிதல்ல. ஆனால் கருந்திமில் நின்றது. யாரோ சொன்னதைக் கேட்டு அது நின்றது அதுவே முதல்முறை. மரம் ஒரு பக்கம் அதன் கொம்பில் தொங்க, கால் புண்ணிலிருந்து மறுபடி ரத்தம் கசிய, மூச்சுவிடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

மந்தி தாவி இறங்கி, பள்ளத்துக்குள் கையை விட்டு, சுருண்டு கிடந்த அலுங்கை வெளியே இழுத்தது. “எடுத்துவிட்டேன்! இப்போது!”

கருந்திமில் நெம்பியது. மருதமரம் பிளவிலிருந்து பெயர்ந்தது. “மேலே ஏறுங்கள்!” என்று கரிச்சான் கத்திய நேரத்தில் எல்லாரும் திட்டின்மேல் ஏறிவிட்டார்கள். தண்ணீர் இடித்தது. மரம் சுழன்றது. பாறாங்கல் உருண்டது. செம்மண் கலங்கலோடு ஓடை பொங்கிப் பாய்ந்து, இடுக்கைத் தாண்டி, காட்டுக்குள் இறங்கி ஓடியது.

அவர்கள் திரும்பி வந்தபோது பெருமடு நிரம்பிக்கொண்டிருந்தது. முயல்களும் நரிகளும் மான்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தன.

காட்டுப்பன்றி ஒரு பாறைமேல் ஏறி நின்றது. “ஓடையைத் திறந்த மாவீரன் கருந்திமில் அண்ணன் வாழ்க!” என்று முழங்கியது.

“வாழ்க! வாழ்க!” என்றது கூட்டம்.

அலுங்கின் பெயரை யாரும் சொல்லவில்லை. மந்தியை யாரும் பார்க்கவில்லை. முள்ளாயியின் மிச்சமிருந்த முட்கள் நிமிர்ந்தன. அது வாயைத் திறப்பதற்குள் கருந்திமில் காலால் தரையை ஓங்கி மிதித்தது.

“இறங்கடா கீழே!” என்றது. “மாவீரனாம்! நீயும் நானும் போய் என்ன கிழித்தோம்? தோண்டியவன் இவன். வேரை அறுத்தவள் இவள். என் காலை எனக்குத் திருப்பித் தந்தவள் அதோ நிற்கிறாள். நீ பழி போட்டாயே, அந்தக் கரிச்சான் வந்து என்னைத் திட்டாவிட்டால் நான் இன்னும் நிழலில்தான் படுத்திருப்பேன். வாழ்க என்றால் எல்லாருக்கும் சொல். இல்லையென்றால் யாருக்கும் சொல்லாதே!”

காட்டுப்பன்றி இறங்கியது.

“நானும் யோக்கியமில்லை அண்ணே” என்றது முள்ளாயி. “நீங்கள் கொம்பைப் பார்த்து ஆள் பொறுக்கினீர்கள். நான் கோபத்தைப் பார்த்து ஆள் பொறுக்கினேன். மந்தி சொன்னதைக் கேட்டு உங்களையும் அழைத்திருந்தால் இவ்வளவு ரத்தம் சிந்தியிருக்காது.”

“போகட்டும் தங்கச்சி” என்றது கருந்திமில். “ஒருவழியாக ஓடை வந்துவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.”

“நல்லபடியாகவா?”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். பெண் கடமான் நின்றுகொண்டிருந்தது. துணைவனை இழந்த நாள் முதல் அது யாரோடும் பேசவில்லை. இப்போது அதன் கழுத்து நிமிர்ந்திருந்தது.

“இதே ஆட்கள்தானே அன்றும் இந்தக் காட்டில் இருந்தீர்கள்?” என்று கேட்டது. “தோண்டுகிறவன் இருந்தான். பார்க்கிறவன் இருந்தான். தூக்குகிறவன் இருந்தான். புதிதாக யாராவது எங்கிருந்தாவது வந்தீர்களா? இல்லையே! அன்றே இப்படிச் சேர்ந்து போயிருந்தால் என் துணைவனும் இன்று இந்தத் தண்ணீரைக் குடித்திருப்பானே! உங்களில் ஒருவர் சிரித்து முடிக்கவும் இன்னொருவர் கோபித்து முடிக்கவும் ஒரு உயிர் வேண்டியிருந்ததா?”

கருந்திமில் தலையைக் குனிந்தது. முள்ளாயியின் முட்கள் தாழ்ந்து படிந்தன. குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையிலிருந்து விலகி வழிவிட்டார்கள்.

பெண் கடமான் அவர்கள் நடுவே நடந்து போய், தனியாக நின்று தண்ணீர் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை வேறு யாரும் மடுவில் வாய் வைக்கவில்லை.

ஒரே வகை ஆட்களை எத்தனை பேர் சேர்த்தாலும் அது ஒரே ஒரு வகைப் பலம்தான். வெவ்வேறு திறமை உள்ளவர்களை இழப்பு வருவதற்கு முன்பே மதித்து ஒன்று சேர்ப்பதுதான் அறிவு.